அந்தக் கடிதத்தை இன்னும் எத்தனை முறை பிரித்துப் பார்ப்பது?

44 வயதுள்ள ஒரு சகோதரி ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு 23 வயதில், தாவரவியலில் ஆய்வுப் படிப்புக்கு உதவித்தொகையோடு வேறொரு ஊரில் இடம் கிடைத்தது. அழைப்புக் கடிதம் வந்த பதினோராவது நாள் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியாது. தம்பி பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். "வர இயலவில்லை" என்று பதில் எழுதிவிட்டு, கிடைத்த அலுவலக வேலையில் சேர்ந்தார். இன்றும் அதே வேலைதான். அப்பா ஆறு வருடம் படுக்கையில் இருந்தார். இடையில் திருமணம், ஒரு மகள். அவளுக்கு இப்போது 17 வயது. சென்ற வருடம், தன்னோடு படித்த தோழி துறைத்தலைவராகப் பொறுப்பேற்ற படத்தைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து, பீரோவின் அடித்தட்டில் இருக்கும் அந்தப் பழைய அழைப்புக் கடிதத்தை எடுத்துப் படிக்கிறார். மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகிவிட்டது என்கிறார்.

அவர் கேட்பது மூன்று. இதை எப்படி மறப்பது? வேலையை விட்டுவிட்டு இப்போதாவது ஆய்வில் சேரலாமா? "என்னைப் போல ஏமாந்துவிடாதே, அறிவியல் படி" என்று மகளிடம் சொல்லப்போய் தினம் சண்டை வருகிறதே, நான் செய்வது தவறா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஏழு பக்கத்தில் ஏறக்குறைய எல்லாமே படிப்பைப் பற்றித்தான். கடிதத்தை முடித்து, பெயரும் போட்ட பிறகு, கீழே இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "ஒரு ராத்திரி படுக்கை விரிப்பை மாற்றும்போது, உங்களால்தான் என் வாழ்க்கை இப்படிப் போச்சு என்று அப்பாவிடம் கத்திவிட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று மாதத்தில் போய்விட்டார்."

அந்த இரண்டு வரியில்தான் கடிதத்தின் பாரம் முழுவதும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதற்கு வருகிறேன். முதலில் நீங்கள் விரிவாகக் கேட்ட விஷயம்.

அன்று உங்களுக்கு என்ன தெரியும்?

"அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்" என்ற வரி உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் வருகிறது. என்ன தெரிந்திருக்க வேண்டும்? அப்பா ஆறு வருடம் இருப்பார் என்றா? பக்கவாதம் வந்த முதல் வாரத்தில் அதை எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் அதிகம் இருக்கும், அப்போது கூட இருந்து பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டுத்தான் நீங்கள் முடிவெடுத்தீர்கள்.

நடந்து முடிந்த ஒன்றைத் திரும்பிப் பார்க்கும்போது, அது அப்படித்தான் முடியும் என்று முன்பே தெரிந்திருந்தது போல மனது காட்டும். இதை 1975-ல் பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் சோதித்துப் பார்த்தார். 1814-ல் ஆங்கிலேயர்களுக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றிய ஒரு குறிப்பைப் பலரிடம் படிக்கக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு ஆங்கிலேயர் வென்றதாகச் சொன்னார், இன்னொரு குழுவுக்குக் கூர்க்காக்கள் வென்றதாகச் சொன்னார், இன்னும் சிலருக்கு இழுபறி என்றார். அப்புறம், "முடிவு உங்களுக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம்?" என்று கேட்டார். அவரவருக்கு எந்த முடிவு சொல்லப்பட்டதோ, அதுதான் நடந்திருக்கக் கூடியது என்ற பக்கம் ஒவ்வொரு குழுவும் சாய்ந்தது. படித்த குறிப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். முடிவு காதில் விழுந்த பிறகு, விழாதது போல யோசிக்க அவர்களால் முடியவில்லை. முன்பின் தெரியாத ஒரு போருக்கே இப்படி என்றால், 21 வருடம் மனதில் போட்டுப் புரட்டிய சொந்த விஷயத்தில் எப்படி இருக்கும்?

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளை எடுத்து, நீங்கள் பதில் கடிதம் எழுதிய அந்தத் தேதியை மேலே போடுங்கள். அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். மறுநாள் தெரிந்த ஒன்றைக்கூட எழுதக் கூடாது. அப்பாவால் எழுந்து உட்கார முடியவில்லை. தம்பிக்குப் பள்ளி முடியவில்லை. அம்மாவால் அவரைத் தூக்க முடியாது. வீட்டுக்கு வருமானம் நின்றுபோயிருக்கிறது. இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஆறேழு வரியில் நின்றுவிடுவார்கள். அவ்வளவுதான் அன்று கையில் இருந்திருக்கும். அந்த ஆறேழு வரியை வைத்துக்கொண்டு உங்கள் மகள் வயதில் ஒரு பெண் உங்களிடம் வந்து நின்றால், நீங்கள் அவளைத் திட்டுவீர்களா?

இதைச் சொல்வதால், அன்று எல்லாவற்றையும் சரியாகச் செய்தீர்கள் என்று தட்டிக்கொடுக்கவும் மாட்டேன். ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். "கேட்கத் தோன்றவே இல்லை" என்று நீங்களே சொல்கிறீர்கள். கேட்டிருந்தால் கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் 23 வயதுப் பெண்ணுக்கு அது தோன்றவில்லை. அந்த விடுபட்ட ஒன்றுக்காக வருந்துங்கள், அதற்கு நியாயம் இருக்கிறது. வாழ்க்கையே பாழாய்ப் போனதாக அதைப் பெரிதாக்க வேண்டாம்.

தவறு செய்தால் திருத்த வேண்டும். ஒன்றை இழந்தால் அழ வேண்டும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இழப்பு. ஆசைப்பட்ட ஒரு படிப்பு கைக்கு வந்து போய்விட்டது. அதற்காக நீங்கள் யாரிடமும் உட்கார்ந்து அழுததாக அந்த ஏழு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. உங்களை நீங்களே விசாரித்துக்கொண்டதுதான் இருக்கிறது.

தோழியின் படமும் வாழாத வாழ்க்கையும்

20 வருடம் சும்மா இருந்தது இப்போது ஏன் வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். சும்மா இருக்கவில்லை, வேலை நெரிசலில் அடியில் கிடந்தது. செய்துவிட்டு வருந்துவது சீக்கிரம் சூடு ஆறிவிடும். செய்யாமல் விட்டதற்கான வருத்தம் வருடம் போகப்போகக் கூடும். உளவியலாளர்கள் கிலோவிச்சும் மெட்வெக்கும் 1990-களில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். செய்த காரியத்துக்கு ஒரு முடிவு உண்டு. செய்யாததற்கு முடிவே கிடையாது, மனது அதை எவ்வளவு வேண்டுமானாலும் வளர்த்துக்கொண்டே போகலாம். அதோடு உங்கள் மகளும் இப்போது படிப்பைத் தேர்ந்தெடுக்கும் வாசலில் வந்து நிற்கிறாள்.

இதே ஆய்வாளர்கள் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர்களின் முகங்களைப் படக்காட்சிகளில் கவனித்தார்கள். வெண்கலம் வாங்கியவர்கள் வெள்ளி வாங்கியவர்களைவிட மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். வெள்ளி வாங்கியவர் கண்ணுக்குத் தவறிப்போன தங்கம் தெரிகிறது. வெண்கலம் வாங்கியவர் பதக்கமே இல்லாமல் போயிருக்கலாம் என்று நினைக்கிறார். உங்கள் பீரோவில் இருப்பது அந்தத் தவறிப்போன தங்கம். இடமே கிடைக்காதவர்களுக்கு இந்த வேதனை இவ்வளவு இல்லை. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தது என்பதுதான் குத்துகிறது.

நீங்கள் வாழாத அந்த வாழ்க்கையில் ஒரு கெட்ட நாள்கூட இல்லை, கவனித்தீர்களா? அதில் ஆய்வு தோற்பதில்லை, வழிகாட்டியோடு மனக்கசப்பு இல்லை, உதவித்தொகை தாமதமாவதில்லை. அப்பாவை அங்கே யார் திருப்பிப் படுக்க வைக்கிறார்கள் என்ற கேள்வியும் இல்லை. "படிக்கப் போய்விட்டேன், அப்பா படுத்திருந்தபோது பக்கத்தில் இல்லை" என்று சொல்லி அழுகிறவர்களும் என் எதிரில் வந்து உட்காருகிறார்கள். அவர்களும் மூன்று மணிக்குத்தான் விழிக்கிறார்கள். அவர்கள் வலியைக் காட்டி உங்கள் வலியைக் குறைக்க நினைக்கவில்லை. இரண்டு வழியிலும் ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது என்பதை நீங்கள் பார்க்க வேண்டும்.

பெயருக்குக் கீழே எழுதிய இரண்டு வரி

இப்போது அந்த ராத்திரிக்கு வருவோம்.

நீங்கள் அப்படிச் சொன்னது தப்பு. "பரவாயில்லை, அவருக்குப் புரிந்திருக்காது" என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அது உண்மையாகவும் இருக்காது. பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள் பலருக்கும் மற்றவர் பேசுவது புரியும். அவர் திரும்பிக்கொண்டதே அவருக்கு வலித்தது என்பதால்தான் இருக்கும்.

ஆனால் கணக்கை முழுதாகப் போடுங்கள். ஆறு வருடம் என்றால் ஏறக்குறைய 2,190 இரவுகள். பகலில் அலுவலகம், பிறகு கைக்குழந்தை, இரவில் அப்பாவுக்கு விரிப்பு மாற்றுவது. நெடுநாள் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குக் கோபம் வரும். அன்பு குறைந்துபோய் வருவதில்லை அது, தூக்கமும் ஓய்வும் மாற்று ஆளும் இல்லாமல் வருவது. நான் பார்த்த பராமரிப்பாளர்களில் ஒருநாளாவது கத்தாதவர்கள் மிகக் குறைவு. அதே அப்பா பேத்தியை இடது கையால் அணைத்துக்கொண்டு தூங்குவார் என்று நாலாவது பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர் உங்களிடமிருந்து பெற்றது அந்த ஒரு வாக்கியம் மட்டும் இல்லை.

உங்கள் மனதில் இருக்கும் முடிச்சு எனக்குத் தெரிவதைச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். படிப்பை விட்டதற்காக வருந்தினால், அந்த ராத்திரி அப்பாவிடம் சொன்னதையே மறுபடி சொல்வது போல இருக்கிறது. வருந்தாமல் இருக்கலாம் என்றால், போன படிப்பு போனதுதானே என்று நெஞ்சு அடைக்கிறது. ஆக, வருந்தவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அப்பாவைக் குற்றம் சொல்லாமல் இருக்க, குற்றத்தை 23 வயதுப் பெண்ணின் தலையில் போட்டுவிட்டீர்கள். "நான் தப்பான முடிவெடுத்தேன்" என்று சொல்லிவிட்டால் அப்பா தப்பித்துவிடுகிறார், இல்லையா?

அப்பாவை நேசித்தீர்கள். படிப்பை இழந்தீர்கள். ஒரு ராத்திரி அவரை நோகடித்தீர்கள். மூன்றும் உண்மை. ஒன்றை ஒப்புக்கொள்வதால் மற்றொன்று பொய்யாகிவிடாது.

அப்பாவுக்கு எழுதுங்கள். தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில் இதே அளவில்தான், மனதை அழுத்தும் விஷயங்களை மாணவர்களை எழுத வைத்தார். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் கனத்தது. அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. உங்களுக்கும் முதல் நாள் கனமாகத்தான் இருக்கும். மன்னிப்புக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள், உங்கள் கோபத்தையும் எழுதுங்கள். தாங்கவில்லை என்றால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், கட்டாயம் இல்லை. பிறகு அந்த ராத்திரியைப் பற்றி உங்கள் தம்பியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவரும் அதே வீட்டில் வளர்ந்தவர், அவரிடமும் அப்பாவைப் பற்றிச் சொல்லாதது ஏதாவது இருக்கும்.

மறக்க முயல வேண்டாம்

"வெள்ளைக் கரடியை நினைக்காதே" என்று சொல்லி, நினைத்தால் மணி அடிக்கச் சொன்ன ஒரு சோதனை 1987-ல் வெளியானது. மணி அடித்துக்கொண்டேதான் இருந்தார்கள். நினைக்கக் கூடாது என்று முதலில் அடக்கியவர்கள், பிறகு நினைக்கலாம் என்று அனுமதித்தபோது இன்னும் அதிகமாக நினைத்தார்கள். உங்கள் மூன்று மணி விழிப்பிலும் நடப்பது இதுதான்.

அந்த நினைப்புக்குப் பகலில் ஒரு நேரம் கொடுங்கள். மாலையில் 20 நிமிடம், ஒரே நாற்காலியில். விடியற்காலையில் வந்தால், "சாயங்காலம் வா" என்று சொல்லிவிட்டு, படுக்கையில் புரளாமல் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் வேறு ஏதாவது செய்யுங்கள். தூக்கம் வந்தால் திரும்பப் படுங்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் அது சொன்ன பேச்சைக் கேட்காது. மாலை 20 நிமிடம் முடியும்போது, "இன்று இதில் புதிதாக எதாவது தெரிந்ததா?" என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தெரிந்திருந்தால் எழுதி வையுங்கள். பழையதே திரும்ப ஓடினால், அது யோசனை இல்லை, அசை போடுவது. எழுந்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மாதக்கணக்கில் விடியலில் விழிப்பது, பசி குறைந்தது, எதிலும் பிடிப்பு இல்லாதது என்று எழுதியிருக்கிறீர்கள். இவை இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் இருந்தாலே மனச்சோர்வா என்று மருத்துவரிடம் பார்த்துவிட வேண்டும். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஹார்மோன் மாற்றமும் தைராய்டு குறைவும்கூடத் தூக்கத்தையும் மனநிலையையும் கெடுக்கும். அதையும் சோதித்துக்கொள்ளுங்கள். "எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது" என்ற வரியை நான் சாதாரணமாகக் கடந்துபோகவில்லை. உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணமாக அது இருந்தால், அல்லது மாறினால், அன்றைக்கே கணவரிடம் சொல்லி மனநல மருத்துவரிடம் போங்கள். இந்தப் பதிலில் உள்ள மற்ற எல்லாம் அப்புறம்.

வேலையை விடலாமா?

இப்போது விடாதீர்கள். 44 வயது அதிகம் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த வயதில் ஆய்வில் சேர்ந்து முடித்தவர்கள் உண்டு. மூன்று மணி விழிப்பும் தோழியின் படமும் சேர்ந்து எடுக்க வைக்கும் முடிவு இது என்பதால் சொல்கிறேன். மகளின் மேற்படிப்புச் செலவும் வீட்டுக் கடனும் உங்கள் சம்பளத்தில் ஓடுகின்றன. ராஜினாமாவைத் திரும்பப் பெறுவது கடினம். ஆறு மாதம் காத்திருப்பதில் பெரிய நஷ்டம் இல்லை.

அந்த ஆறு மாதத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது பட்டமா, செடிகளா, அல்லது தோழி நின்ற இடத்தில் நிற்பதா? மொட்டை மாடியில் 18 தொட்டிகளில் பெரணி வளர்ப்பதாகவும், எந்தச் செடியின் சுருள் இலை என்றைக்கு விரிந்தது என்று ஒன்பது வருடமாக நோட்டில் குறித்து வருவதாகவும், அதை ஒரு பைத்தியக்காரத்தனம் போல எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஒன்பது வருடக் குறிப்பு, தேதியோடு! யாரும் கேட்காமல், மதிப்பெண் எதுவும் இல்லாமல் ஒருவர் ஒன்பது வருடம் செய்தால் அதில் ஆசை உயிரோடு இருக்கிறது என்றுதான் பொருள்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் ஒருவரைப் போய்ப் பாருங்கள். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக ஆய்வு செய்ய வழி உண்டா, தகுதித் தேர்வு என்ன, எத்தனை வருடம் ஆகும் என்று விசாரியுங்கள். உங்கள் அலுவலக விதிகளில் படிப்பு விடுப்பு உண்டா, வெளியே படிக்க முன் அனுமதி வாங்க வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக யாராவது "அதெல்லாம் முடியாது" என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். 23 வயதில் கேட்காமல் விட்டதை இந்த முறை கேட்டுப் பார்க்கலாமே. விசாரித்து வந்த பிறகு, பட்டம் வேண்டாம், செடிகள் போதும் என்று தோன்றினால் அதுவும் சரிதான். அது உங்கள் முடிவாக இருக்கும்.

மகளிடம்

அவள் வடிவமைப்பு படிக்க விரும்புகிறாள், நீங்கள் அறிவியல் என்கிறீர்கள். கஷ்டமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: உங்களுக்கு நடந்தது, சூழ்நிலையால் உங்கள் விருப்பம் கைவிட்டுப் போனது. இப்போது அவள் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கும் சூழ்நிலை நீங்கள்தான். அந்தப் படிப்பின் தரம், செலவு, வேலைவாய்ப்பு பற்றிக் கேள்வி கேட்பது பெற்றோரின் கடமை, தாராளமாகக் கேளுங்கள். உங்கள் 23 வயதை அவள் வாழ்ந்து முடித்துத் தர வேண்டும் என்று கேட்க வேண்டாம்.

பீரோவில் இருக்கும் அந்தக் கடிதத்தைக் கிழிக்கவோ எரிக்கவோ சொல்ல மாட்டேன். மூன்று மணிக்குத் தனியாக எடுத்துப் படிப்பதை மட்டும் நிறுத்துங்கள். ஒரு விடுமுறை நாள் பகலில், மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து அதை அவள் கையில் கொடுங்கள். தாத்தாவுக்கு என்ன ஆனது, அம்மா அன்று என்ன எழுதி அனுப்பினாள் என்று நடந்ததைச் சொல்லுங்கள். "அதனால் நீ" என்று ஆரம்பிக்கும் வாக்கியம் வாய் வரை வரும், அதை மட்டும் விழுங்கிவிடுங்கள். அவள் படித்து முடித்து முதலில் என்ன கேட்டாள் என்று எனக்கு எழுதுங்கள்.